நூற்பெயர் சான்றாகுமா? ஷரீஅத் வழக்குகளில் மேற்கோள் படும் பாடு

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கே, பேரையூர் வட்டத்தில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மணமுறிவு வழக்கோ பாகப்பிரிவினை வழக்கோ மேல்முறையீட்டுக்குச் செல்ல நேர்ந்தால், அது இன்று சென்னைவரை பயணம் செய்ய வேண்டியதில்லை. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டபின் அந்தத் தொலைவு குறைந்துவிட்டது. குறையாத தொலைவு ஒன்று எஞ்சியிருக்கிறது. வழக்குக் கட்டுகளில் ‘ஷரீஅத்தின்படி’ என்றும், ‘ஹிதாயாவில் கூறியுள்ளவாறு’ என்றும், ‘முல்லாவின் கருத்துப்படி’ என்றும் எழுதப்படும் சொற்களுக்கும், அச்சொற்கள் சுட்டுவதாக நம்பப்படும் மூலங்களுக்கும் இடையிலுள்ள தொலைவே அது.

சட்டம் பற்றிய எழுத்தில் மேற்கோள் என்பது ஒருவகைச் சாட்சியம். சாட்சியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவர் கூண்டில் ஏறத் தேவையில்லை என்று எந்த வக்கீலும் வாதிட மாட்டார். ஆயினும் நூல்களின் விஷயத்தில் நாம் அதையே செய்கிறோம். பெயர் சொன்னால் போதும், நூல் கூண்டிலேற வேண்டுவதில்லை என்றிருக்கிறோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாக உரசிப் பார்த்த ஒரு சமுதாயத்தின் தனியார் சட்டம், இந்திய நீதிமன்றங்களில் இருநூறு ஆண்டுகளாக அறுந்த தொடர்களின் வழியே மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. இதில் நீதிமன்றங்களுக்குப் பங்குண்டு; நமக்கும் பங்குண்டு. அவ்விரண்டையும் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடறிந்த தீர்ப்பிலிருந்தே தொடங்கலாம். 1985இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஷா பானு வழக்கில் அளித்த தீர்ப்பின் முடிவு பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதன் முதற்பத்தியில் மேற்கோள்கள் கையாளப்பட்ட விதம் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பெண்கள் எங்கும் அநீதிக்கு உள்ளாயினர் என்பதைக் காட்டத் தலைமை நீதிபதி சந்திரசூட் அங்கே மூன்று சான்றுகளை அடுக்குகிறார். முதலாவது, பெண் சுதந்திரத்துக்கு உரியவள் அல்லள் என்னும் மனுவின் கூற்று. அத்தியாய எண்ணோ சுலோக எண்ணோ அங்கில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தின் மூன்றாம் சுலோகம் என்பதை வாசகர்தான் தேடிக் காண வேண்டும். இரண்டாவது, பெண்ணின் இழிநிலையே இஸ்லாத்தின் பெருங்குறை என்று குற்றஞ்சாட்டப்படுவதாக ஒரு வாசகம். இதற்கு மட்டும் நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் யாவும் முறையாகத் தரப்பட்டுள்ளன: எட்வர்டு வில்லியம் லேன் 1843இல் வெளியிட்ட குர்ஆன் தெரிவுகள், 1982ஆம் ஆண்டு மறுபதிப்பு, முன்னுரைப் பகுதியின் தொண்ணூறாம் பக்கம்.

இவ்வளவு துல்லியமான குறிப்பைக் கண்டவர் ஐயுற மாட்டார். ஆனால் அந்த முன்னுரையை எழுதியவர் லேன் அல்லர். லேன் 1876இல் காலமானார். மூன்றாண்டுகளுக்குப்பின், 1879இல், அந்நூல் திருத்திய புதுப்பதிப்பாக வந்தபோது அதற்கு நீண்ட முன்னுரை எழுதிச் சேர்த்தவர் அவருடைய உறவினரான ஸ்டான்லி லேன்-பூல். 1843ஆம் ஆண்டின் அறிஞர் ஒருவர் தலையில், அவர் மறைந்தபின் வேறொருவர் எழுதிய வாசகம் ஏற்றப்பட்டுவிட்டது. அரபு மொழி அகராதிக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட லேனின் பெயருக்கு இருந்த கனம், இளைய தலைமுறையைச் சேர்ந்த முன்னுரையாசிரியரின் தீர்ப்புரைக்குக் கிடைத்துவிட்டது. பக்க எண் சரியாக இருந்தும் மேற்கோள் தவறாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மூன்றாவது சான்று நமக்கு மேலும் நெருக்கமானது. பெண் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டாள், அதை நிமிர்த்த முயன்றால் ஒடியும், ஆகவே பெண்களிடம் நன்முறையில் நடந்துகொள்ளுங்கள் என்ற கருத்துள்ள கூற்றை நபி (ஸல்) அவர்கள் மீது ஏற்றிச் சொல்வதாகக் குறிப்பிடும் தீர்ப்பு, அவ்வாறு ஏற்றப்பட்டது தவறாயிருக்கும் என்று தாம் நம்புவதாகவும் இடைச்செருகலாகச் சொல்கிறது. ஸஹீஹுல் புகாரியையோ ஸஹீஹ் முஸ்லிமையோ ஒருமுறை புரட்டியிருந்தால் அந்த நம்பிக்கைக்கு வேலை இருந்திராது. இரு தொகுப்புகளிலும் அது உள்ளது. பெண்களுக்கு நன்மை செய்யும்படி ஏவுவதே அந்த ஹதீஸின் மையம் என்பதும் அங்கேயே தெரிந்திருக்கும். ஒரு கூற்று மெய்யானதா என்று ஐயம் எழுந்தால் அதைச் சரிபார்க்கலாம், இயலாவிடில் விட்டுவிடலாம். ஐயத்தையும் எழுதி, கூற்றையும் எழுதி, மூலத்தை மட்டும் எழுதாமல் விடுவது நீதிமன்ற எழுத்துக்கு ஒவ்வாது. கீழ்நிலை நீதிமன்றத்தில் ஒரு குமாஸ்தா இவ்வாறு எழுதிய மனு குறைகளைத் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்!

தீர்ப்பின் உட்பகுதியிலும் இதே தளர்ச்சி உண்டு. 2:241ஆம் வசனத்தின் ‘மதாஉ’ என்னும் சொல்லுக்குப் பொருள் காண நீதிமன்றம் நாடியவை யூசுஃப் அலீ, பிக்தால், ஆர்பெரி, ஸஃபருல்லாஹ் கான் போன்றோரின் ஆங்கில ஆக்கங்கள். குர்ஆனுக்கு நீதிமன்றங்கள் தாமாகப் புதுப்பொருள் கண்டு, தொன்மையும் தகுதியும் வாய்ந்த உரையாசிரியர்களின் வெளிப்படையான முடிவைப் புறந்தள்ளக் கூடாது என்று பிரிவி கவுன்சில் 1897இல் ஆகா முஹம்மது ஜாஃபர் வழக்கில் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை ஏற்காமலிருக்க உச்ச நீதிமன்றத்துக்கு முழு உரிமை உண்டு. பிரிவி கவுன்சில் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஏற்காததற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்வதால், கைவிடப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் கிடைக்கக் கூடாது என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கும், 2024 ஜூலையில் முஹம்மது அப்துல் ஸமது வழக்கும் அந்த உரிமையை வேறு காரணங்களால் நிலைநிறுத்திவிட்டன. முடிவு சரியாக இருப்பது மேற்கோளின் பிழையைத் துடைத்துவிடாது. மாறாக, நல்ல முடிவொன்று பிழையான சான்றின்மேல் நிற்கும்போது எதிர்ப்பவர்களுக்கு அது எளிய இலக்காகிறது. 1985இலும் 1986இலும் நடந்ததில் ஒரு பகுதி அதுவே. தீர்ப்பின் பயனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அதன் தொனியைப் பற்றியே ஊர்தோறும் பேசப்பட்டது.

‘ஹிதாயாவில் கூறியுள்ளவாறு’ என்ற சொற்றொடருக்கு வருவோம். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் அரபு நூல் ஒன்றுண்டு. நம் நீதிமன்றங்கள் ‘ஹெடாயா’ என்று அழைத்தது அதையன்று. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் மௌலவிகள் சிலர் அதைப் பாரசீகத்தில் ஆக்கினர். அந்தப் பாரசீக ஆக்கத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். பாரசீகத்தில் ஆக்கியோர் விளக்கத்துக்காகச் சேர்த்த சொற்கள் பல, மர்கீனானீயின் சொற்களாகவே ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. 1870இல் கிரேடி அதைச் சுருக்கி ஒரே தொகுதியாக்கினார். வக்கீல்களின் மேசைகளை அடைந்தது பெரும்பாலும் இந்த ஒற்றைத் தொகுதியே. மூலத்துக்கும் மேசைக்கும் இடையே மூன்று கைகள். அவற்றுள் எந்தக் கை எழுதியதை நாம் மேற்கோள் காட்டுகிறோம்?

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரின் நிலை இதைவிட இரங்கத்தக்கது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீனை வான் டென் பெர்க் என்னும் டச்சு அறிஞர் 1882 முதல் 1884 வரை பத்தேவியாவில் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். பிற்கால உரைகளில் உள்ளவற்றை அவர் மூலத்தோடு கலந்து பெயர்த்துவிட்டார் என்று அவருடைய நாட்டவரான ஸ்நூக் ஹுர்க்ரோன்யே கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்டு 1914இல் ஆங்கிலமாக்கினார். கடலோரத் தமிழ் முஸ்லிம் ஒருவரின் திருமணம் செல்லுமா என்று ஆங்கிலேய நீதிபதி தீர்மானிக்க, டமஸ்கஸில் எழுதப்பட்ட அரபு, பத்தேவியாவில் பிரெஞ்சாகி, பின்னர் ஆங்கிலமாகி வர வேண்டியிருந்தது. அதே காலத்தில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் அரபுத்தமிழில் இயற்றிய ஷாஃபிஈ சட்ட நூலான ஃபத்ஹுத் தய்யான் ஊர்ப் பெண்களின் கைகளிலேயே தவழ்ந்துகொண்டிருந்தது. மேற்கோளுக்குத் தகுதியுடைய நூல் எது என்பதை மொழி தீர்மானித்துவிட்டது.

மத்ஹப் வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் சான்று காட்டுவது வெறும் கல்விக் குறையோடு நிற்பதில்லை. கற்பனையாக ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மதுரைச் சமவெளியின் இராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். கீழக்கரைக் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். பேரையூர் மணமகனுக்கும் கீழக்கரை மணமகளுக்கும் நிகாஹ் நடக்கிறது. பருவமடைந்த பெண் வலீ இன்றித் தானே நிகாஹை ஒப்பந்தம் செய்தால் ஹனஃபியில் அது செல்லும். ஷாஃபிஈயில் வலீ இன்றி நிகாஹ் இல்லை. கணவன் உணவும் உடையும் தர இயலாதவனாகிவிட்டால் ஷாஃபிஈயில் மனைவிக்கு ஃபஸ்கு கோரும் வழியுண்டு; பண்டைய ஹனஃபி நூல்களில் இல்லை. மாமனார் தம் புஞ்சை நிலத்தில் பிரிக்கப்படாத பாகமொன்றை மருமகளுக்கு ஹிபா செய்கிறார். பிரிக்கக்கூடிய சொத்தில் பிரிக்காத பங்கை ஹிபா செய்வது ஹனஃபியில் குறையுடையது, ஷாஃபிஈயில் செல்லுபடியாகும். இம்மூன்று வினாக்களுக்கும் ‘ஷரீஅத்தின்படி’ என்ற ஒற்றைச் சொல்லால் விடையிறுக்கும் மனு, உண்மையில் எதற்கும் விடையிறுக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சற்றுக் கற்றவராயிருந்தால் அந்தப் பெண் தன் நிலத்தை இழப்பாள். அவரும் கல்லாதவராயிருந்தால் நீதிபதி தாமாகவே ஹனஃபி என்று அனுமானித்துக்கொள்வார். பம்பாய் உயர் நீதிமன்றம் 1864லேயே, ஷாஃபிஈ குடும்பத்துப் பெண்ணொருத்தி தான் ஹனஃபி வழியை மேற்கொண்டதாகக் கூறித் தந்தையின் இசைவின்றிச் செய்துகொண்ட நிகாஹைச் செல்லும் என்றது. மத்ஹபின் பெயர் அன்றே வழக்கின் முடிவாக இருந்தது.

‘முல்லா’ என்ற பெயரில் மயங்குவோர் படித்தவர்களிலும் உண்டு. டி.எஃப். முல்லா மௌலவி அல்லர். பம்பாயைச் சேர்ந்த பார்சி சட்ட அறிஞர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய சுருக்கநூல், நீதிமன்றத் தீர்ப்புகளைப் பிரிவு எண்களிட்டுத் தொகுத்த மிகச் சிறந்த கையேடு. ஆனால் அது சட்டமன்று. சட்டப்பிரிவுகளைப்போல எண்ணிடப்பட்டதால் சட்டம்போலத் தோற்றமளிக்கிறது. முல்லா 1934இல் மறைந்தார். அதன்பின் வந்த பதிப்புகள் பிறர் திருத்தியவை. முன்னாள் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாஹ் அவர்களும் பதிப்பாசிரியராக இருந்தார். எனவே ‘முல்லா கூறுகிறார்’ என்று எழுதுபவர் பதிப்பைக் குறிக்காவிட்டால், முல்லா கூறியதா, அவர் மறைந்தபின் பதிப்பாசிரியர் கூறியதா என்பதை எவரும் அறிய முடியாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் முத்தலாக்கைச் செல்லாததாகவும் தண்டனைக்குரியதாகவும் ஆக்கிவிட்ட நிலையில், பழைய பதிப்பின் தலாக் பிரிவுகளை அப்படியே எடுத்தாள்வது கட்சிக்காரருக்குக் கேடாகவே முடியும்.

நம் பக்கத்துக் குறைக்கும் வரலாற்றில் பெருஞ்சான்று உண்டு. அது 1894இல் பிரிவி கவுன்சில் அளித்த அபுல் ஃபதா முஹம்மது இஸ்ஹாக் வழக்குத் தீர்ப்பு. வங்காளத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் தம் சந்ததியாருக்கென வக்ஃபு செய்து, வம்சம் அற்றுப்போனபின் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதிவைத்தனர். ஏழைகளுக்குரிய பங்கு வெறும் பெயரளவே என்று கூறி ஹாப்ஹவுஸ் பிரபு அதைச் செல்லாததாக்கினார். அதற்குச் சற்று முன்னர்தான் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அமீர் அலீ, பிக்கானி மியா வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில், குடும்ப வக்ஃபு செல்லும் என்பதற்கு ஹதீஸ்களையும் நபித்தோழர்களின் செயல்களையும் ஃபிக்ஹு நூல்களையும் அடுக்கியிருந்தார். ஹாப்ஹவுஸ் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. பொதுவான நல்லுரைகளைச் சட்டவிதிகளாக ஏற்க முடியாது என்றார். முன்னோர் செய்த வக்ஃபுகளைப் பொறுத்தவரை, அவை எந்தச் சூழலில், என்ன நிபந்தனைகளோடு செய்யப்பட்டன என்ற முழு விவரமும் தரப்படாமல் அவற்றுக்கு முன்னுதாரண வலிமை தர முடியாது என்றார்.

தீர்ப்பு நம் ஃபிக்ஹை அறியாத தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. சந்ததிக்குச் செய்வதும் புண்ணியமே என்ற அடிப்படை ஹாப்ஹவுஸுக்கு எட்டவில்லை. எனினும் அவர் கேட்ட வினா நியாயமானது. இந்தச் சம்பவத்தின் விவரம் என்ன, சட்டவிதி எது, நல்லுரை எது என்ற வினாவை நம் ஃபகீஹ்களே முதலில் கேட்பார்கள். அமீர் அலீயின் புலமை பெரிது; பின்னாளில், 1909இல், அதே பிரிவி கவுன்சிலில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. ஆனால் சான்றுகளை எண்ணிக்கையால் வெல்லச் செய்ய முயன்ற அவருடைய முறை, ஒவ்வொன்றும் எதை நிறுவுகிறது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் தளர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகள் குடும்ப வக்ஃபுகள் வழக்காடப்பட்டு வீழ்ந்தன. மௌலானா ஷிப்லீ நுஃமானீயின் முயற்சியாலும் முஹம்மது அலீ ஜின்னாஹ் கொண்டுவந்த மசோதாவாலும் 1913இல்தான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் வந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளைக் காக்க 1930வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு தமிழ் வழக்கின் பயணத்தையும் காண்போம். ஆஷா பீபீ எதிர் காதிர் இப்ராஹீம் இராவுத்தர் என்ற வழக்கு, இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசையின் 33ஆம் தொகுதியில் உள்ளது. காரணமின்றித் தலாக் சொல்வதைக் குர்ஆனும் ஹதீஸும் வன்மையாகக் கண்டிக்கின்றன, அது பாவம். ஆயினும் முறைப்படி சொல்லப்பட்ட தலாக்கின் சட்டச் செல்லுபடியை அது பாதிக்காது என்று நீதிபதிகள் மன்ரோவும் அப்துர் ரஹீமும் கூறினர். அப்துர் ரஹீம் மூலநூல்களை அறியாதவர் அல்லர். 1911இல் வெளிவந்த இஸ்லாமியச் சட்டவியல் நூலின் ஆசிரியர் அவர். அவர்களுடைய கூற்றில் இரு பாதிகள் உண்டு. கண்டனம் ஒரு பாதி, செல்லுபடி மறுபாதி. ‘முறைப்படி’ என்ற நிபந்தனையும் அதில் உண்டு. 1932இல் கல்கத்தாவில் நீதிபதி காஸ்டெல்லோ, அஹ்மத் காஸிம் மொல்லா வழக்கில் இதை எடுத்தாண்டார். அதற்குப்பின் வந்த எழுத்துகளில் பலவும் இரண்டாம் பாதியை மட்டுமே சுமந்தன. தமிழில் வந்த சட்டக் கையேடுகளும் இதற்கு விலக்கல்ல. குவாஹாட்டியில் நீதிபதி பஹாருல் இஸ்லாம், ஜியாவுத்தீன் அஹ்மத் வழக்கில் அந்தத் தொடரைப் பின்னோக்கி நடந்து, இந்த நிலைப்பாடு குர்ஆனின் முறைக்குப் பொருந்தாது, தலாக்குக்கு நியாயமான காரணமும் அதற்குமுன் இருதரப்பு நடுவர்களின் சமரச முயற்சியும் வேண்டும் என்றார். 2002 அக்டோபர் 1 அன்று ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எப்போதோ தலாக் சொல்லிவிட்டேன் என்று பதிலுரையில் எழுதிவிட்டாலே தலாக் ஆகிவிடும் என்பதற்கு எந்த மூலமும் தங்கள்முன் காட்டப்படவில்லை என்று நீதிபதி லஹோட்டி எழுதினார். ஒரு மேற்கோளை எதிர்த்து ‘மூலத்தைக் காட்டுக’ என்று கேட்ட அளவிலேயே ஒரு பெண்ணின் ஜீவனாம்சம் மீண்டது.

2017 ஆகஸ்டில் வந்த ஷாயிரா பானு தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் இன்றும் தடுமாறுகின்றனர். ‘முத்தலாக் குர்ஆனுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று மேடைகளிலும் மனுக்களிலும் கூறப்படுகிறது. ஐவரில் மூவர் முத்தலாக்கை நீக்கினர். அம்மூவரும் ஒரே காரணத்தால் நீக்கவில்லை. குர்ஆனின் அடிப்படையில் அதை மறுத்தவர் நீதிபதி குரியன் ஜோசஃப். நீதிபதிகள் நாரிமனும் லலித்தும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் உறுப்பைக் கொண்டு, வெளிப்படையான தன்னிச்சைச் செயல் என்று தள்ளினர். தலைமை நீதிபதி கேஹரும் நீதிபதி நஸீரும் மாறுபட்டனர். முடிவு நீதிமன்றத்தினுடையது, குர்ஆன் என்ற காரணமோ ஒருவருடையது. அந்த வேறுபாட்டை மறைப்பவர், வரவேற்பவராயினும் எதிர்ப்பவராயினும், இல்லாத தீர்ப்பொன்றை உண்டாக்குகிறார்.

இவையெல்லாம் பிறர்க்குரிய பாடங்கள் என்று நம் ஆலிம்கள் கருத வேண்டியதில்லை. மேற்கோளின் ஒழுக்கம் பற்றி நம் மரபில் தனித்துறையே உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஃ நூலின் முகவுரையில், பிற்கால ஆசிரியர்களின் ஓரிரு நூல்களைக் கொண்டு மத்ஹபின் முடிவு இதுவென்று துணியலாகாது என்கிறார்கள். பத்து ஆசிரியர்கள் உறுதியாக எழுதிய ஒன்று, மத்ஹபின் வலுவான கருத்துக்கு முன் விலகி நிற்கும் கருத்தாக இருக்கலாம் என்கிறார்கள். ஹனஃபிகளில் டமஸ்கஸின் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு 1836) இன்னும் கண்டிப்பானவர். ஃபத்வா எழுதும் முறை பற்றிய தம் செய்யுளுக்குத் தாமே எழுதிய உரையில், சுருக்கநூல்களைக் கொண்டு ஃபத்வா கொடுக்காதீர்கள் என்கிறார். அவ்வாறு விலக்கியவற்றுள் அத்துர்ருல் முக்தாரும் ஒன்று. அதற்கே அவர் பேருரை எழுதியவர்! ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் படியெடுக்க, அவரிடமிருந்து மற்றவர் படியெடுக்க, இருபது நூல்களில் ஒரே பிழை நிலைத்துவிடுவதுண்டு என்கிறார். குர்ஆன் ஓதுவதற்குக் கூலி பேசுவது கூடும் என்ற கருத்து அவ்வாறு பரவியதே என்று காட்டி, அதன் ஊற்றை ஹத்தாதியின் நூல்கள்வரை தேடிச் சென்று அடையாளம் காண்கிறார். முந்தைய இமாம்கள் அனுமதித்தது கற்பிப்பதற்கான கூலியை; படியெடுத்தோர் கையில் அது ஓதுவதற்கான கூலியாயிற்று. ஒரு சொல் மாறியது. ஒரு வழக்கமே பிறந்தது.

இத்தகைய மரபுக்கு உரியவர்கள் இன்று தமிழில் வெளியிடும் சிறுநூல்களில் ‘ஃபிக்ஹு நூல்களில் வருகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த நூல், எந்தப் பாடம், அது அந்த மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்தா, விலக்கப்பட்ட கருத்தா என்ற குறிப்பில்லை. ஷாஃபிஈயில் இப்னு ஹஜரின் துஹ்ஃபாவும் ரம்லியின் நிஹாயாவும் மாறுபடும் இடங்களைக்கூடச் சுட்டுவதில்லை. தலாக் சான்றிதழ்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. தமிழகத்தில் தலைமைக் காஜி வழங்கும் சான்றிதழ்கள் கருத்துரை மட்டுமே, நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்று 2017 ஜனவரியில் பதர் ஸயீத் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்தின் நான்காம் பிரிவும் காஜிக்கு நீதி அதிகாரம் இல்லை என்றே சொல்கிறது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையும், ஷரீஅத் கவுன்சில் ஒன்று கொடுத்த தலாக் சான்றிதழை ஏற்க மறுத்து, கணவனே நீதிமன்றம் சென்று நிறுவ வேண்டும் என்றது. அதிகாரம் இல்லாத கருத்துரைக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பெல்லாம் அதன் சான்றுகளிலிருந்துதான் வர வேண்டும். முத்திரையும் கையொப்பமும் மட்டும் உள்ள தாளை நீதிபதி எதைக் கொண்டு மதிப்பார்?

புதிய ஆபத்தொன்று வேறு வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதிய மனுவில், இல்லாத ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் வக்கீல்களுக்கு ஐயாயிரம் டாலர் அபராதம் விதித்தது. 2024 டிசம்பர் இறுதியில் பெங்களூரு வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவொன்றிலேயே அத்தகைய தீர்ப்புகள் இடம்பெற்று, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவற்றுள் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் புனையப்பட்டதும் ஒன்று. ஹதீஸ் புனைந்தோரைப் பற்றித் தனி நூல்கள் எழுதிய சமுதாயத்துக்கு இது புதிய நோயன்று, கருவிதான் புதிது. உச்ச நீதிமன்றம் 2023 முதல் தன் தீர்ப்புகளுக்குப் பொது அடையாள எண் வழங்குவதால் சரிபார்ப்பது முன்னைவிட எளிது. 2024 ஜூலை 1க்குப் பிறகு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு புதிய சன்ஹிதையில் 144ஆம் பிரிவாகிவிட்டதையும் குறிக்க வேண்டும். பழைய எண்ணையே எழுதும் மனுக்கள் இன்னும் வருகின்றன.

நல்ல மேற்கோளுக்கு முன்மாதிரி தேடித் தொலைவில் அலைய வேண்டியதில்லை. ஹனஃபி ஃபிக்ஹில் வழியின்றிக் கொடிய கணவரிடம் சிக்கிய பெண்கள், விடுதலைக்காக மதத்தையே துறந்துகொண்டிருந்த நிலை 1920களில் வட இந்தியாவில் இருந்தது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) மாலிகி மத்ஹபில் வழி தேடினார். நூலகத்தில் கிடைத்த மாலிகி நூலொன்றின் வரியை எடுத்து எழுதிவிட அவரால் இயன்றிருக்கும், அதைச் செய்யவில்லை. பிற மத்ஹபின் கருத்தை அந்த மத்ஹபின் முஃப்திகளே உறுதிசெய்ய வேண்டும் என்று கருதி, மதீனாவின் மாலிகி ஆலிம்களுக்கு வினாக்களை எழுதியனுப்பினார்; ஐயம் எஞ்சிய இடங்களில் மீண்டும் கேட்டார். 1930களின் தொடக்கத்தில் அல்ஹீலத்துந் நாஜிஸா வெளிவந்தபோது அவர்களுடைய அரபுப் பதில்களும் நூலோடு சேர்த்து அச்சிடப்பட்டன. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் நோக்கவுரை, ஹனஃபி ஃபகீஹ்களே மாலிகி சட்டத்தைப் பயன்படுத்த அனுமதிப்பதைச் சுட்டுகிறது. பேரையூர் வட்டத்துப் பெண்ணொருத்தி இரண்டாண்டுகளாகக் கணவன் பராமரிக்கவில்லை என்று அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவின்கீழ் மனுச் செய்யும்போது எழுதும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால், மதீனாவிலிருந்து வந்த அந்தக் கடிதங்கள் இருக்கின்றன.